கிளட்ச் மாற்றும்போது டிரைவ் ஷாஃப்டைக் கழற்றுவது: முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே கிளட்ச் மாற்ற இறங்குகிறவர்கள், கியர்பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை என்று நினைத்துத் தொடங்குவார்கள். ஆனால் முதல் நாள் மாலையில் அவர்கள் மாட்டிக்கொண்டு நிற்பது, கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டில்தான். அதன் வெளி முனையைச் சக்கரத்தின் மையத்தில், அதாவது ஹப்பில், பிடித்திருக்கும் ஹப் நட் அசையாது. அது அசைந்தால் ஷாஃப்ட் ஹப்பை விட்டு வராது. அதுவும் வந்தால், பாதி ஷாஃப்ட் கையில் வரும். மீதி கியர்பாக்ஸிலேயே நிற்கும். புதிதாகச் செய்யும் பலருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன். யாருக்கும் கைபலம் குறைவாக இருந்ததில்லை. வேலையின் வரிசைதான் மாறிப்போயிருந்தது. டிரைவ் ஷாஃப்ட் இடம் கிடைத்தால் தானாக வரும். அதை இழுக்க வேண்டியிருக்கிறது என்றால், முந்தைய படி ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

இங்கே சொல்வது எஞ்சின் குறுக்காக அமர்ந்து, முன்சக்கரங்களால் ஓடும் கார்களுக்கு. பின்சக்கரத்தால் ஓடும் கார்களின் நீண்ட புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேறு வேலை.

1. முதலில் குனிந்து பாருங்கள்

ஸ்பேனரைத் தொடும் முன் காரின் அடியில் டார்ச் அடித்து, ஷாஃப்ட் கியர்பாக்ஸோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே மூன்றில் ஒன்று இருக்கும்.

முதல் வகையில் உள் ஜாயிண்டின் (ஷாஃப்டின் கியர்பாக்ஸ் பக்க மூட்டு) கிண்ணம் நேராகக் கியர்பாக்ஸின் ஆயில் சீலுக்குள் போயிருக்கும். உள்ளே ஒரு சர்க்ளிப் (வாய் திறந்த கம்பி வளையம்) அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதை நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது வகையில் ஒரு வட்டத் தட்டில் போல்ட்டுகள் இருக்கும். இது உங்களிடம் இருந்தால் வேலை பாதியாகிறது. அந்த போல்ட்டுகளைக் கழற்றி, ஷாஃப்டின் உள் முனையை ஒதுக்கிக் கட்டிவிட்டால் போதும். பல கார்களில் ஹப் நட்டைத் தொடவே வேண்டாம். இந்த போல்ட் தலைகள் பெரும்பாலும் பன்னிரு முனைப் பள்ளம் கொண்டவை. பள்ளத்தில் அடைந்திருக்கும் கிரீஸையும் மண்ணையும் சுரண்டி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி முழு ஆழத்துக்கு இறக்கிய பிறகே திருப்புங்கள். பாதி ஆழத்தில் திருப்பினால் பள்ளம் வழுக்கி உருண்டையாகிவிடும். அப்புறம் அந்த ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள் போய்விடும்.

மூன்றாவது, நீளமான பக்கத்தில் நடுவில் ஒரு பேரிங்கும், அதை எஞ்சினோடு பிடிக்கும் பிராக்கெட்டும் இருப்பது. அங்கே பிராக்கெட்டின் போல்ட்டுகளை எடுக்காமல் நெம்பினால் ஒன்றும் நகராது. உடைவது பிராக்கெட்டாகத்தான் இருக்கும்.

பார்த்த கையோடு, உள் ஜாயிண்டுக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது ஷாஃப்ட் முழுதாக உள்ளே போயிற்றா என்று சொல்லப்போவது இந்த அளவுதான்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஜாக் ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கட்டைகள். ஹப் நட்டுக்கான சாக்கெட் பொதுவாக 30, 32 அல்லது 36 மி.மீ.; உங்கள் காரின் அளவை முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். சாக்கெட் ஆறு முனை கொண்டதாக இருக்கட்டும், பன்னிரண்டு முனை நட்டின் மூலைகளைத் தின்றுவிடும்.

நீளமான பிரேக்கர் பார், அதன்மேல் செருக ஒரு இரும்புக் குழாய், பால் ஜாயிண்ட் புல்லர், உறுதியான நெம்பு கம்பிகள் இரண்டு, பித்தளை அல்லது பிளாஸ்டிக் தலைச் சுத்தியல், துருவை இளக்கும் ஆயில், கட்டுக்கம்பி. 300 நியூட்டன் மீட்டர் வரை போகும் டார்க் ரெஞ்ச் ஒன்று வேண்டும். இரவல் வாங்கினாலும் சரி.

புதிதாக வாங்க வேண்டியவை: இரண்டு ஹப் நட், உள் முனைக்கான சர்க்ளிப் இரண்டு, கியர்பாக்ஸின் ஆயில் சீல் இரண்டு, ஸ்ப்ளிட் பின்கள், கியர் ஆயில், டிரெயின் போல்ட் வாஷர். கார் ஸ்டாண்டில் ஏறிய பிறகு கடைக்குப் போக அதே கார் கிடைக்காது. அதனால் இவை வந்து சேரும் வரை தொடங்காதீர்கள்.

3. ஹப் நட்: கார் தரையில் இருக்கும்போதே

புதியவர்கள் அதிகம் தவறும் படி இதுதான். காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஆயிலையும் வடித்த பிறகு ஹப் நட்டில் கை வைப்பார்கள். சக்கரம் சுற்றும், நட் அசையாது.

சக்கரம் தரையில் இருக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, உதவிக்கு ஒருவர் பிரேக் பெடலை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினால் நட் தெரியும். சில அலாய் சக்கரங்களில் நடுத் துளைக்குள் சாக்கெட் நுழையாது. அப்போது இரும்பு ஸ்டெப்னி சக்கரத்தை மாட்டிவிட்டுச் செய்யலாம்.

நட்டின் விளிம்பை ஷாஃப்டில் உள்ள பள்ளத்துக்குள் தட்டி மடக்கியிருந்தால், மெல்லிய உளியால் அந்த மடிப்பை முழுதாக நிமிர்த்துங்கள். ஸ்ப்ளிட் பின் இருந்தால் எடுத்துவிடுங்கள். மடிப்போடு திருப்பினால் நட் போவது மட்டுமில்லை, ஷாஃப்டின் மரையும் சேர்ந்து போகும். நட்டுக்குப் பதிலாக முழு ஷாஃப்ட் வாங்க வேண்டிவரும்.

ஹப் நட்டின் இறுக்கம் காருக்குக் கார் மாறும். 180 முதல் 300 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான எல்லை. ஒரு மீட்டர் குழாயின் நுனியில் 25 கிலோ எடையை வைத்தால் ஏறக்குறைய 245 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. பழைய, துருப்பிடித்த நட் இதைவிட அதிகம் கேட்கும். குழாயைக் கீழ்நோக்கி அழுத்தும்படி வையுங்கள். மேல்நோக்கி இழுத்தால் நட் சட்டென்று விடும்போது முதுகு பிடித்துக்கொள்ளும்.

நட்டைத் தளர்த்துவது கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். வீல் பேரிங்கின் உள் வளையங்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்தான். அது தளர்ந்த நிலையில் காரின் எடை பேரிங்கில் ஏறினாலோ, காரை உருட்டினாலோ பேரிங் கெட்டுவிடும். இரு பக்கமும் கால் சுற்று விட்டபின், சக்கர நட்டுகளையும் லேசாகத் தளர்த்திவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. தூக்கி நிறுத்துதல்

பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தைத் தூக்குங்கள். கியர்பாக்ஸ் வெளியே வர இரண்டு ஷாஃப்டும் கழற்றப்பட வேண்டும். அதனால் இரு பக்கமும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிற்கட்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தொங்கினால், இரு பக்கச் சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் அந்தப் பக்கத்து லோயர் ஆர்மை (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் தொங்கினால் அந்த இழுவை இருக்காது.

ஸ்டாண்டுகளைக் காரின் வலுவூட்டப்பட்ட இடங்களில் மட்டும் வையுங்கள். பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள், நீங்கள் அடியில் இல்லாதபோதே ஆட வேண்டியது ஆடிவிடட்டும். கழற்றிய சக்கரங்களைக் காரின் ஓரங்களுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஒரு நிமிட வேலைக்கும் கூடாது.

5. ஆயில்: நிரப்பும் போல்ட் முதலில்

கியர்பாக்ஸில் ஆயில் வடிக்கும் போல்ட்டும், நிரப்பும் போல்ட்டும் இருக்கும். முதலில் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது திறக்காமல் போனால், வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்ற வழியில்லாமல் கார் அப்படியே நிற்கும். திறக்கிறது என்று தெரிந்த பிறகே வடிக்க வேண்டும். வடிந்ததும் டிரெயின் போல்ட்டைப் புது வாஷரோடு உடனே மாட்டிவிடுங்கள்.

ஆயிலை வடிக்காமல் ஷாஃப்டை எடுத்தால், சீல் துளை வழியாக அது மொத்தமும் உங்கள் கைமேல் வரும். வடித்த பிறகும் கொஞ்சம் மிச்சம் வழியும், தட்டு அடியிலேயே இருக்கட்டும்.

6. ஹப்பில் ஷாஃப்டை இளக்குதல்

ஹப்பைத் தாங்கும் உலோகத் துண்டுதான் நக்கிள்; அதைக் கீழே லோயர் ஆர்மோடு சேர்ப்பது பால் ஜாயிண்ட். பலர் பால் ஜாயிண்டைக் கழற்றிய பிறகு ஷாஃப்டை ஹப்பிலிருந்து தட்டுவார்கள். அப்போது நக்கிள் ஊசலாடும். சுத்தியலின் அடியை அது வாங்கிக்கொள்ளும், ஷாஃப்ட் அசையாது. நக்கிள் இன்னும் உறுதியாகப் பிடித்திருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது.

பழைய ஹப் நட்டை, ஷாஃப்டின் முனையும் நட்டின் முகமும் சமமாக இருக்கும் வரை திருப்பி வையுங்கள். மரைக்கு அதுதான் கவசம். ஒரு மரக்கட்டையை வைத்து அதன்மேல் தட்டுங்கள், அல்லது பித்தளைச் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். ஷாஃப்ட் இரண்டு மூன்று மி.மீ. உள்ளே நகர்ந்தால் போதும், பிடி விட்டுவிட்டது.

அசையவில்லையா? ஸ்ப்லைனில் (ஷாஃப்ட் முனையின் நீளவாட்டுப் பற்கள்) துரு இளக்கும் ஆயிலை விட்டு, அரை மணி நேரம் அடுத்த பக்கத்தைப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஹப் புல்லர் மாட்டித் தள்ளுங்கள். இரும்புச் சுத்தியலால் வெறும் முனையில் ஓங்கி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். முனை காளான் போல விரிந்தால் நட் இனி ஏறாது. அடி பேரிங்கின் உருளைகளுக்கும் போகும்.

7. நக்கிளுக்கு இடம் செய்தல்

முதலில் ஏபிஎஸ் சென்சார் வயரையும் பிரேக் ஹோஸையும் அவற்றின் பிராக்கெட்டிலிருந்து விடுவியுங்கள். நக்கிள் வெளியே சாயும்போது முதலில் இழுபடுவது இவைதான். ஹோஸ் போதாமல் விறைத்தால் பிரேக் பேடுகளை அழுத்தும் காலிப்பரைக் கழற்றி, சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுக்கம்பியால் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கக் கூடாது. பிரேக் ஆயில் குழாயைத் திறக்கவும் வேண்டாம்.

அப்புறம் கீழ்ப் பால் ஜாயிண்ட். அது லோயர் ஆர்மோடு இரண்டு மூன்று போல்ட்டுகளால் சேர்ந்திருந்தால் அவற்றைக் கழற்றினால் முடிந்தது. நக்கிளில் ஒரே குறுக்கு போல்ட் கவ்விப் பிடித்திருந்தால், போல்ட்டை முழுதாக வெளியே எடுங்கள். பால் ஜாயிண்டின் தண்டில் உள்ள பள்ளத்தில் அது உட்கார்ந்திருக்கும், தளர்த்தினால் மட்டும் போதாது. பிளவில் உளியை லேசாகச் செருகி, லோயர் ஆர்மைக் கீழே நெம்புங்கள். கூம்புத் தண்டும் நட்டும் உள்ள வகை என்றால் நட்டை முழுதாக எடுக்காமல் சில சுற்று விட்டுவைத்து, புல்லரால் அழுத்துங்கள். விடும்போது ஆர்ம் தெறித்துக் கீழே வராமல் அந்த நட் தடுக்கும்.

கவை போன்ற ஆப்பைச் செருகி அடிப்பது வேகமான வழிதான். ஆனால் அது பால் ஜாயிண்டின் ரப்பரைக் கிழித்துவிடும். பால் ஜாயிண்டைப் புதிதாக மாற்றப்போகிறீர்கள் என்றால் மட்டும் அதை எடுங்கள்.

சிலர் பால் ஜாயிண்டை விட்டுவிட்டு, ஷாக் அப்சார்பர் நக்கிளோடு சேரும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றுவார்கள். சுலபம்தான். ஆனால் பல கார்களில் சக்கரத்தின் சாய்வுக் கோணம் அந்த போல்ட்டுகள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. எனக்கு அதில் விருப்பமில்லை. வேறு வழியில்லை என்றால் போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். முடிந்தபின் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

ஸ்டீயரிங்கைத் திருப்பியும் இடம் போதவில்லை என்றால் ஸ்டீயரிங் கம்பியின் முனையான டை ராட் எண்டையும் நக்கிளிலிருந்து விடுவிக்கலாம். அதன் பின்னால் உள்ள லாக் நட்டை மட்டும் தொடாதீர்கள், அலைன்மென்ட் மாறாது.

இப்போது ஹப் நட்டை முழுதாக எடுங்கள். ஒரு கை நக்கிளை வெளியே சாய்க்க, மறு கை ஷாஃப்டின் முனையை உள்ளே தள்ளட்டும். ஷாஃப்டை யாரும் இழுப்பதில்லை. ஹப்தான் அதைவிட்டு விலகுகிறது. வெளியே வந்த முனையைக் கீழே தொங்கவிடாமல் கயிற்றால் கட்டி, ஏறக்குறையப் படுக்கை நிலையில் நிறுத்துங்கள். மிகுந்த கோணத்தில் தொங்கினால் ஜாயிண்ட் சிக்கிக்கொள்ளும். ஜாயிண்டை மூடும் ரப்பர் உறையான பூட்டும் நசுங்கும்.

ஹப் நட்டைத் தொடாமல், ஷாஃப்ட் ஹப்பிலேயே இருக்க, நக்கிளோடு சேர்த்து வெளியே ஆட்டி உள் முனையை மட்டும் எடுக்கிறவர்களும் உண்டு. கை பழகியவருக்கு அது நேரம் மிச்சம். முதல் முறை செய்கிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். அத்தனை எடையும் ஒரு பிரேக் ஹோஸைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும்; கியர்பாக்ஸ் இறங்கும் வழியிலும் அது குறுக்கே நிற்கும்.

8. கியர்பாக்ஸ் பக்கம்: இழுக்காதீர்கள், நெம்புங்கள்

பல கார்களில் உள் ஜாயிண்டுக்குள் மூன்று கால் கொண்ட ஒரு துண்டும், ஒவ்வொரு காலிலும் ஓர் உருளையும், உருளைக்குள் ஊசி பேரிங்குகளும் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்டின் நீளம் மாற, அந்த மூன்று காலும் கிண்ணத்துக்குள் முன்னும் பின்னும் வழுக்கும். அவற்றைப் பெரும்பாலும் பிடித்துவைத்திருப்பது ரப்பர் பூட் மட்டுமே. ஷாஃப்டின் கம்பியைப் பிடித்து இழுத்தால் சர்க்ளிப் விடாது. மூன்று காலும் கிண்ணத்தை விட்டு வந்துவிடும். "கழன்றுவிட்டது" என்று சந்தோஷப்பட்டு, பூட்டுக்குள் உருளைகள் கொட்டிக் கிடப்பதைப் பிறகு பார்த்தவர்கள் நிறைய.

அதனால் விசை எப்போதும் கிண்ணத்தின் மேல்தான். கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையே நெம்பு கம்பியின் நுனியை வையுங்கள். கியர்பாக்ஸ் பக்கம் தடித்த விளிம்புள்ள இடமாகப் பாருங்கள். அது அலுமினியம், மெல்லிய சுவரில் வைத்தால் விரிசல் விடும். சீலின் உலோக விளிம்பிலும் கம்பி படக் கூடாது. இரண்டு கம்பிகளை எதிரெதிரே வைத்தால் கிண்ணம் கோணாமல் நேராக வரும்.

மெதுவாக அழுத்திக்கொண்டே இருப்பதைவிட ஒரே சுருக்கான நெம்பு நன்றாக வேலை செய்யும். சர்க்ளிப் தன் பள்ளத்துக்குள் சுருங்கினால்தான் வெளியே வர முடியும். திடீர் அசைவு அதைச் சுருக்குகிறது. வரவில்லை என்றால் ஷாஃப்டைக் கொஞ்சம் திருப்பி மறுபடி நெம்புங்கள். சர்க்ளிப்பின் வாய் இருக்கும் திசை மாறினால் சில சமயம் உடனே விடும்.

"டக்" என்று விட்டதும் ஒரு கையால் கிண்ணத்தையும், மறு கையால் வெளி ஜாயிண்டையும் தாங்கி, நேர்கோட்டில் வெளியே கொண்டுவாருங்கள். சீலை மாற்றப்போகிறோம் என்றாலும், இதே அசைவுதான் திரும்ப மாட்டும்போதும் வேண்டும்.

9. இரண்டும் வெளியே வந்த பிறகு

சில கியர்பாக்ஸ்களில் இரண்டு ஷாஃப்டும் இல்லாதபோது இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலின் பக்கவாட்டுக் கியர்கள் இடம் மாறி உள்ளே சரியும். கியர்பாக்ஸைத் தரையில் இறக்கிப் புரட்டும்போது இது நடக்க வாய்ப்பு அதிகம். சரிந்தால் ஷாஃப்ட் திரும்ப உள்ளே போகாது. துளைக்கு ஏற்ற பருமனுள்ள ஒரு பிளாஸ்டிக் அடைப்பானோ உருண்டையான மரத்துண்டோ இரு பக்கமும் செருகிவிடுங்கள். தூசியும் போகாது.

ஷாஃப்ட்களில் இடது, வலது என்று எழுதி, முனைகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிப் படுக்க வையுங்கள். இப்போதே பூட்டின் மடிப்புகளை விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நாளைக்குக் கிழியப்போகும் பூட்டை இன்று மாற்றினால் கூடுதல் வேலை அரை மணி நேரம். பிறகு என்றால் இந்தப் படிகள் எல்லாம் மறுபடி.

ஆயில் சீலை மாற்றுவதையும் தள்ளிப் போடாதீர்கள். பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று அளந்துகொண்டு, உட்சுவரில் கீறல் விழாமல் எடுங்கள். புதியதை, அதன் வெளி வளையத்தின் அளவுள்ள ஒரு சாக்கெட்டை வைத்து, அதே ஆழத்துக்கு நேராகத் தட்டி இறக்குங்கள். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் சுற்றிலேயே தேயத் தொடங்கும்.

10. திரும்ப மாட்டுதல்

கிளட்ச் வேலை முடிந்து, கியர்பாக்ஸ் அதன் எல்லா போல்ட்டுகளோடும் மவுண்டுகளோடும் உட்கார்ந்த பிறகே ஷாஃப்ட்.

பழைய சர்க்ளிப்பை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, அதன் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். உள் முனையைச் சீலின் உதட்டில் உரசாமல் நேராக நுழைத்து, பற்கள் சேரும் வரை லேசாகத் திருப்புங்கள். சேர்ந்ததும் கிண்ணத்தைப் பிடித்து ஒரே தள்ளு. உட்கார்ந்த சத்தம் கேட்கும், கையிலும் தெரியும்.

சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். கிண்ணத்தைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள்: கொஞ்சம் ஆடலாம், கழன்று வரக் கூடாது. முதலில் எழுதிவைத்த இடைவெளியோடு ஒப்பிடுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் சர்க்ளிப் இன்னும் பள்ளத்தில் விழவில்லை. இப்படியே ஓட்டினால் ஒரு திருப்பத்தில் ஷாஃப்ட் வெளியே வந்துவிடும். கார் நகராது, ஆயில் முழுவதும் சாலையில் போகும்.

வெளி முனையின் ஸ்ப்லைனைத் துடைத்து ஹப்பில் நுழைத்துவிடுங்கள். பால் ஜாயிண்டைச் சேருங்கள். குறுக்கு போல்ட் வகை என்றால் போல்ட் கையாலேயே தடையின்றிப் போக வேண்டும்; போகாவிட்டால் தண்டு இன்னும் முழுதாக ஏறவில்லை. அதை அடித்து நுழைக்காதீர்கள். கூம்பு வகையில் நட்டை இறுக்கும்போது தண்டு கூடவே சுற்றினால், அடியில் ஜாக்கை வைத்து லேசாக மேலே அழுத்துங்கள், கூம்பு பிடித்துக்கொள்ளும்.

காலிப்பரைக் கழற்றியிருந்தால் அதைத் திரும்ப மாட்டிவிட்டு, புது ஹப் நட்டை, உதவியாளர் பிரேக்கை அழுத்தியிருக்க, சக்கரம் இன்னும் காற்றில் இருக்கும்போதே நன்றாக இறுக்குங்கள். எடை ஏறும் முன் பேரிங் வளையங்கள் சேர்ந்திருக்க வேண்டும். பிறகு சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, உங்கள் காரின் மேனுவல் சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். கடைசியில் நட்டின் விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடக்குங்கள், அல்லது ஸ்ப்ளிட் பின் போடுங்கள். இம்பாக்ட் கன் கொண்டு இறுக்குவதை நம்பாதீர்கள். அது கூடவும் குறையவும் இறுக்கும். இரண்டும் பேரிங்கைத்தான் தின்னும்.

11. ஆயிலும் ஓட்டிப் பார்த்தலும்

காரைச் சமமான நிலையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் விளிம்பில் ஆயில் வழியும் வரை ஊற்றுவது பல கியர்பாக்ஸ்களில் வழக்கம். அளவையும் வகையையும் மேனுவலில் பாருங்கள். ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று மேனுவல் சொன்னால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் உள்ள கூடுதல் கந்தகச் சேர்மங்கள் சில கியர்பாக்ஸ்களின் கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கும்.

பேட்டரியை இணையுங்கள். காலிப்பரைக் கழற்றியிருந்தால், காரை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, விறைப்பு திரும்பியதா என்று பாருங்கள்.

காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக இரு பக்கமும் ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். "டக் டக்" என்று சத்தம் வந்தால் வெளி ஜாயிண்ட். நேராகப் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் அதிர்வு வந்தால் உள் ஜாயிண்டைப் பாருங்கள். உருளை ஏதாவது இடம் மாறியிருக்கலாம்.

திரும்பி வந்ததும் இரண்டு சீல்களின் அடியிலும் துடைத்துவிட்டு, ஓர் அட்டையைப் பரப்பி வையுங்கள். மறுநாள் காலையில் அட்டையில் சொட்டு இருந்தால், எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்து இடைவெளியை மீண்டும் அளந்து பாருங்கள்.